மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்கள் ஊர் ஆலையை ஏன் நேரடியாக மூடுவதில்லை

கேள்வி இதுதான். ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆலை ஓடையில் கழிவை விடுகிறது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் கண்டுகொள்ளவில்லை என்று டெல்லியில் இருக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் அனுப்பினால், அந்தப் புகார் சென்னைக்கு வந்து, அங்கிருந்து அதே மாவட்ட அலுவலகத்துக்கே "தக்க நடவடிக்கைக்கு" என்று வந்து சேருகிறது. அப்படியென்றால் மத்தியில் ஒரு வாரியம் எதற்கு?

நியாயமான கோபம். ஆனால் அந்தப் புகார் ஏன் அப்படிச் சுற்றி வருகிறது என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. அது புரிந்தால்தான் அடுத்த புகாரை எங்கே, எப்படிப் போடுவது என்பதும் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசியல் சட்டப்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்றம் தானாக எழுந்து நதி மாசுக்குச் சட்டம் போட்டுவிட முடியாது. 1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு இந்திரா காந்தி போய்வந்த பிறகு இங்கேயும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேகம் வந்தது. அதற்கு 252-வது பிரிவைப் பயன்படுத்தினார்கள்: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டால் மாநில விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்பது அந்தப் பிரிவு. அப்படி வந்ததுதான் 1974-ம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம். தொடக்கத்தில் அதற்குச் சம்மதித்த 12 மாநிலங்களில் கேரளமும் கர்நாடகமும் இருந்தன, தமிழ்நாடு இல்லை. மத்திய வாரியம் 1974 செப்டம்பரிலேயே வந்துவிட்டது, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில்தான் அமைந்தது. மாநிலங்கள் தங்கள் அதிகாரத்தை முழுசாக விட்டுக்கொடுக்காமல் செய்துகொண்ட ஏற்பாடு இது. அதனால்தான் ஆலைக்கு இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி) கொடுப்பது, ஆய்வுக்குப் போவது, மாதிரி எடுப்பது, நோட்டீஸ் அனுப்புவது, மூடுவது என்று களத்தில் நடக்கும் அத்தனையும் மாநில வாரியத்தின் கையில் இருக்கிறது. மத்திய வாரியத்துக்கு அந்தச் சட்டம் கொடுத்த வேலைகள் வேறு: மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்வது, தர அளவுகளை வகுப்பது, தகவல் திரட்டி வெளியிடுவது, மாநில வாரியங்களை ஒருங்கிணைப்பது, அவற்றுக்குத் தொழில்நுட்ப உதவி செய்வது.

சரி, அப்படியென்றால் மத்திய வாரியத்தால் ஓர் ஆலையை மூடவே முடியாதா? முடியும். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, மத்திய அரசு கையில் நேரடி அதிகாரம் வேண்டும் என்று 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். இந்த முறை 253-வது பிரிவு. சர்வதேச மாநாட்டு முடிவுகளை நிறைவேற்ற இயற்றும் சட்டம் என்பதால் மாநிலங்களின் தீர்மானம் தேவைப்படவில்லை. அதன் 5-வது பிரிவில் ஆலையை மூடச் சொல்லலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லலாம். அந்த அதிகாரம் மத்திய வாரியத் தலைவருக்கும் வழங்கப்பட்டிருக்கிறது. கங்கைக் கரையில் கான்பூர் தோல் தொழிற்சாலைகள், காகித ஆலைகள், சாராய ஆலைகள் மீது அதை நிறையவே பயன்படுத்தியிருக்கிறார்கள். கங்கை என்றால் பிரதமர் அலுவலகம் வரை கவனம் இருக்கும். உங்கள் ஊர் ஓடைக்கு அந்தக் கவனம் கிடைக்காது. அதனால் அங்கே மாநில வாரியமே எல்லாமாக இருக்கிறது.

என்னைக் கேட்டால் மத்திய வாரியத்தின் உண்மையான பலம் மூடுவதில் இல்லை, அளவு வகுப்பதிலும் அளந்து சொல்வதிலும் இருக்கிறது.

நிலத்து நீர்நிலையில் விடப்படும் ஆலைக் கழிவுநீரில் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்; கூடினால் தண்ணீர் மோசம்) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, சி.ஓ.டி. (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250-க்கு மேல் கூடாது, அமில-காரத் தன்மை 5.5-க்கும் 9-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று பொதுவான தர அளவுகள் இருக்கின்றன. இவை தவிர சர்க்கரை, காகிதம், தோல், சாயம், மருந்து என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனி அளவுகள் உண்டு. இவற்றின் வரைவு பெரும்பாலும் மத்திய வாரியத்தில்தான் தயாராகும், அமைச்சகம் அறிவிக்கும். மாநில வாரியம் இவற்றை இன்னும் கடுமையாக்கலாம், தளர்த்த முடியாது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் முதலீட்டுக்காக மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டி போடும் காலத்தில், "அந்த மாநிலத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லையே" என்று ஓர் ஆலை முதலாளி பேரம் பேச முடியாமல் போவதற்கு இந்தப் பொது அளவுதான் காரணம்.

அளவே போதாமல் இருக்கிற இடங்களும் உண்டு. காற்றில் இருக்கும் பி.எம். 2.5 என்ற நுண்துகளுக்கு 2009-ல் நிர்ணயித்த ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தன் பரிந்துரையை 5-ஆகக் குறைத்துவிட்டது. நம் நாட்டின் தூசியும் தட்பவெப்பமும் வேறு, ஒரே பாய்ச்சலில் 5-க்குப் போக முடியாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இத்தனை ஆண்டுகள் அதே 40-ல் நிற்பதற்கு அது காரணமாகாது. மருத்துவ ஆய்வுகள் எவ்வளவோ தூரம் போய்விட்டன.

அப்புறம் அளப்பது. நீங்கள் செல்போனில் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடு, பச்சையிலிருந்து கருஞ்சிவப்பு வரை ஆறு படிகளோடு, 2015-ல் இந்த வாரியம் நடைமுறைக்குக் கொண்டுவந்ததுதான். நதிகளில் பல ஆண்டுகளாக மாதிரி எடுத்து, குளிக்கத் தகுந்த அளவான பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டிய பகுதிகளைப் பட்டியல் போடுகிறார்கள். 2018 பட்டியலில் நாடு முழுக்க 351 மாசடைந்த நதிப் பகுதிகள், 2022-ல் 311. அந்த 2022 பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து காவிரி, பவானி, அமராவதி, தாமிரபரணி, பாலாறு, வசிஷ்ட நதி, சரபங்கா, திருமணிமுத்தாறு, அடையாறு, கூவம் என்று பத்து இருக்கின்றன. கூவத்தில் ஆவடி முதல் சத்யா நகர் வரையான பகுதியில் பி.ஓ.டி. 345. அந்தப் பட்டியலிலேயே நாட்டில் மிக மோசமான எண் அது.

பட்டியல் போட்டு என்ன ஆகப் போகிறது என்று கேட்கலாம். 2018 பட்டியல் பத்திரிகையில் செய்தியாக வந்ததைப் பார்த்துத் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாநிலமும் நதி மீட்புக் குழு அமைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் செயல்திட்டம் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, பல திட்டங்கள் காகிதத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் ஒரு மாநில அரசு "எங்கள் நதி சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாதபடி ஓர் எண் அங்கே நிற்கிறது. 2009-ல் ஐ.ஐ.டி. டெல்லியோடு சேர்ந்து 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு அதில் 43 இடங்கள் மிக மோசமாக மாசடைந்தவை என்று சொன்னதும் இப்படித்தான். மணலி, கடலூர், அப்போது ராணிப்பேட்டையும் சேர்ந்திருந்த வேலூர், கோயம்புத்தூர் நான்கும் அதில் இருந்தன. அந்த எண்களை வைத்துத்தான் 2010 ஜனவரியில் அந்த 43 இடங்களிலும் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் மத்திய அமைச்சகம் தற்காலிகத் தடை போட்டது. செயல்திட்டம் கொடுத்தாயிற்று என்று ஒவ்வோர் இடமாகத் தடையை விலக்கிவிட்டார்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களிடம் கேட்டால் அந்தச் செயல்திட்டங்களின் லட்சணம் தெரியும்.

எல்லோரும் ஆலைகளைப் பற்றியே பேசுகிறோம், நானும்தான். ஆனால் இந்த வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கு ஒன்றை அவசியம் பார்க்க வேண்டும். நாட்டின் நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 7,236.8 கோடி லிட்டர், உண்மையில் சுத்திகரிக்கப்படுவது சுமார் 2,023 கோடி லிட்டர். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கூவத்தின் 345-க்கு ஒரே ஓர் ஆலை முதலாளியைத் தேடினால் கிடைக்க மாட்டார். மிகப் பெரிய மாசாளர்கள் மாநகராட்சிகளும் நகராட்சிகளும்தான், அவற்றை மின்சாரத்தைத் துண்டித்து மூட முடியாது. வாரியத்தின் அதிகாரங்கள் எல்லாம் ஆலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை, நகராட்சியின் முன்னால் அவற்றுக்குப் பல்லே இல்லை.

இப்போது குறைகள். தண்ணீர்ச் சட்டத்தின் 18-வது பிரிவைப் பாருங்கள். மத்திய அரசு எழுத்தில் கொடுக்கும் உத்தரவுக்கு மத்திய வாரியம் கட்டுப்பட்டது. மத்திய வாரியத்தின் உத்தரவுக்கும் மாநில அரசின் உத்தரவுக்கும் மாநில வாரியம் கட்டுப்பட்டது, இரண்டும் முரண்பட்டால் முடிவு மத்திய அரசுடையது. ஒரு மாநில வாரியம் சொன்னதைச் செய்யாமல் இருந்து அதனால் பெரும் அவசர நிலை வந்தால், அதன் வேலையை மத்திய வாரியமே எடுத்துச் செய்யும்படி மத்திய அரசு உத்தரவிடவும் இந்தப் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அது மத்திய அரசு மனம் வைத்தால்தான். சுதந்திரமாக முடிவெடுக்கும் தேர்தல் ஆணையம் மாதிரியான அமைப்பு இது என்று நினைத்துக்கொண்டு புகார் அனுப்புகிறவர்கள் ஏமாந்து போவது இதனால்தான். மத்தியிலும் மாநிலத்திலும் வாரியத்தின் தலைமையை நியமிப்பது அரசுதான். மாநில வாரியங்களுக்குத் தகுதியே இல்லாதவர்களைத் தலைவராக்குகிறார்கள் என்று வழக்கு போய், 2017-ல் உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்தில் நியமன விதிகளை வகுக்கச் சொன்னது. சொல்லும்படி ஆகியதே அவமானம்.

இந்தச் சார்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2025 கும்பமேளாவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிரயாக்ராஜில் கோடிக்கணக்கானோர் நீராடிக்கொண்டிருந்தபோது, ஆற்று நீரில் மலக் கிருமிகளின் அளவு குளிக்கத் தகுந்த வரம்பைத் தாண்டியிருக்கிறது என்று மத்திய வாரியம் பிப்ரவரியில் பசுமைத் தீர்ப்பாயத்திடம் அறிக்கை கொடுத்தது. வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 2,500. உத்தரப் பிரதேச அரசு உடனே மறுத்தது, தண்ணீர் குளிக்க மட்டுமல்ல, ஆசமனம் செய்யவும் தகுந்தது என்று முதல்வரே சட்டமன்றத்தில் சொன்னார். மேளா முடிந்த கையோடு அதே மத்திய வாரியத்திடமிருந்து இன்னோர் அறிக்கை வந்தது. ஒரே இடத்தில் வெவ்வேறு நாளில் எடுத்த மாதிரிகளில் எண்கள் மிகவும் வேறுபடுகின்றன, புள்ளியியல் முறைப்படி பார்த்தால் குளிக்கத் தகுந்ததாகத்தான் இருந்தது என்றது அது. ஆற்று நீரில் கிருமி எண்ணிக்கை நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறும் என்பது உண்மைதான், எந்த ஆய்வகத்துக்காரரும் அதைச் சொல்வார். ஆனால் நீராடப் போகிறவருக்கு அன்றைய தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதுதான் வேண்டும், எல்லா நாளையும் சேர்த்துப் பார்த்த நடுப்புள்ளி அவருக்கு எதற்கு? ஓர் அளவீட்டு நிறுவனத்தின் ஒரே சொத்து அதன் எண்ணின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை. முதல் அறிக்கை கொடுத்த அந்த விஞ்ஞானிகளை நான் மதிக்கிறேன். இரண்டாவது அறிக்கை எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்தது ஆள் பற்றாக்குறை. நாடு முழுக்க மாநில வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் கிட்டத்தட்ட பாதி காலி என்று மத்திய வாரியமே தீர்ப்பாயத்தில் சொல்லியிருக்கிறது. ஒரு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், ஒன்றிரண்டு உதவிப் பொறியாளர்கள், அவர்களுக்குக் கீழே நூற்றுக்கணக்கான ஆலைகள், கல்குவாரிகள், மருத்துவமனைகள், போதாததற்குப் பிளாஸ்டிக் ரெய்டும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும். ஆய்வுக்கே வரவில்லை என்று திட்டுவதற்கு முன் இதையும் நினைத்துப் பார்க்கலாம். ஆளில்லாத குறையைத் தீர்க்க 2014-ல் மத்திய வாரியம் ஒரு வேலை செய்தது: அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் கழிவு வெளியேறும் குழாயிலும் புகைபோக்கியிலும் தானியங்கிக் கருவி பொருத்தி, 24 மணி நேரமும் அளவுகளை வாரியத்தின் சர்வருக்கு அனுப்ப வேண்டும். நல்ல யோசனை. ஆனால் கருவியை வாங்குவது, பராமரிப்பது, அளவு சரிபார்ப்பது எல்லாம் ஆலையின் செலவில், ஆலையின் வளாகத்துக்குள். சென்சார் இருக்கிற குழாயை விட்டுவிட்டு ராத்திரியில் வேறு வழியாகக் கழிவைத் திறந்துவிட்டால் டெல்லி சர்வருக்குத் தெரியாது, ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

அபராதம் பற்றி நிறையப் பேர் தெரிந்துகொள்ளவில்லை. சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு மத்திய வாரியம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. தொழில் எவ்வளவு மாசுபடுத்தும் என்பதைப் பொறுத்த வகைக்கு ஓர் எண் (அதிகம் மாசுபடுத்தும் சிவப்புக்கு 80, ஆரஞ்சுக்கு 50, பச்சைக்கு 30), விதி மீறிய நாட்களின் எண்ணிக்கை, பொதுவாக 250 என்று எடுத்துக்கொள்ளும் ரூபாய்க் காரணி, ஆலையின் அளவுக்கு 0.5 முதல் 1.5 வரை, ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து இன்னொரு காரணி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். சின்ன ஊரில் இருக்கும் நடுத்தர அளவுச் சிவப்பு வகை ஆலை 100 நாள் விதி மீறியிருந்தால் (கடைசி இரண்டு காரணிகளும் 1 என்பதால்) 80 × 100 × 250, அதாவது 20 லட்சம் ரூபாய். இதில் நாட்களின் எண்ணிக்கைதான் உயிர். எந்தத் தேதியிலிருந்து மீறல் தொடங்கியது என்பதற்கு உங்கள் முதல் புகாரின் தேதி ஓர் ஆதாரமாக நிற்கலாம். இப்படி இழப்பீடு விதிக்க வாரியங்களுக்கு அதிகாரம் உண்டா என்ற சண்டை நெடுநாள் ஓடி, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உண்டு என்று தீர்த்துவிட்டது. இன்னொரு பக்கம் 2023-ன் ஜன் விஸ்வாஸ் சட்டம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்திலும் இருந்த சிறைத் தண்டனைகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. தண்ணீர்ச் சட்டத்திலும் 2024-ல் அதே மாற்றம் வந்தது, அது மட்டும் மாநிலம் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அந்த மாநிலத்துக்குப் பொருந்தும். சிறைக்கு யாரும் போனதாகப் பெரிதாக வரலாறு இல்லை என்பது சரிதான். ஆனால் பெரிய நிறுவனத்துக்கு 15 லட்சம் என்பது சில மணி நேர உற்பத்தி. பயம் என்று ஒன்று இருந்த இடத்தில் இப்போது ஒரு கட்டணம் இருக்கிறது.

எந்த வாரியத்திடமும் கேட்கக் கூடாத விஷயமும் ஒன்று: புதிய சுரங்கத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ சுற்றுச்சூழல் அனுமதி கொடுப்பது. அது 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மத்திய அமைச்சகத்தின் வேலை, அல்லது மாநில அளவிலான ஆணையத்தின் வேலை. மாநில வாரியம் கருத்துக்கேட்புக் கூட்டத்தை நடத்தித் தரும், அவ்வளவுதான்.

திருப்பூர் சாயக்கழிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், உங்கள் கேள்விக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது அது. அங்கே பிரச்சினை உப்பு. சாயமேற்றப் போடும் உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது, கரைந்த உப்புகளின் வரம்பான லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைச் சாயத்தண்ணீர் தாண்டிக்கொண்டே இருந்தது, நொய்யல் ஆறும் அதன் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டன. வாரியம் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் கொடுத்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லித்தான் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை அதன்பிறகுதான் உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. வழக்குப் போட்டவர்கள் கீழ்ப்பகுதி விவசாயிகள்.

அதனால் அடுத்த புகாரை இப்படிப் போடுங்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மாநில வாரியத்தின் உறுப்பினர் செயலருக்கும் ஒரே நாளில் எழுத்தில் அனுப்பி, நகலை மத்திய வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு வையுங்கள். "நாற்றம் தாங்க முடியவில்லை" என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில், எந்தத் தேதிகளில், எத்தனை மணிக்கு, என்ன நிறத்தில் வந்தது என்று எழுதி, இடத்தின் ஆயத்தொலைவுடன் (ஜி.பி.எஸ். எண்கள்) படங்களைச் சேருங்கள். நீங்கள் பாட்டிலில் பிடித்த தண்ணீரைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் சட்டப்படி ஆலைக்கு எதிராகச் செல்லும் மாதிரி தண்ணீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவில் சொன்னபடி எடுக்கப்பட வேண்டும்: வாரிய அதிகாரி ஆலைக்கு முறைப்படி தெரிவித்து, ஆலைக்காரர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். எனவே புகாரில் "மாதிரி எடுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல் "21-வது பிரிவின்படி மாதிரி எடுங்கள்" என்று கேளுங்கள், பல வழக்குகள் இந்த முறை தவறியதால்தான் விழுகின்றன. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஆலையின் இசைவாணை நகல், அதில் இருக்கும் நிபந்தனைகள், கடைசி மூன்று ஆய்வு அறிக்கைகள், தானியங்கிக் கருவியின் பதிவுகள் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். இசைவாணையில் அனுமதித்த கழிவின் அளவும் ஆலையின் உண்மையான உற்பத்தியும் பொருந்தவில்லை என்றால் அதுவே பாதி வழக்கு.

எதுவும் நகரவில்லை என்றால் சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம், வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம் கெடு, நஷ்டஈடு கேட்பதாக இருந்தால் ஐந்து ஆண்டு. அங்கே மத்திய வாரியத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். இந்த மாதிரி வழக்குகளில் தீர்ப்பாயம் பெரும்பாலும் ஒரு கூட்டுக் குழு அமைத்து நேரில் பார்த்துவரச் சொல்லும், அதில் மத்திய வாரியத்தின் விஞ்ஞானி ஒருவரும் இருப்பது வழக்கம். நீங்கள் அனுப்பிய புகாருக்கு வராத அதே மத்திய வாரியம், அப்போது மாதிரிப் பாட்டிலோடு உங்கள் ஓடைக்கு வரும். அன்றைக்கு ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடவே நின்று, ராத்திரியில் கழிவு வரும் அந்த இன்னொரு குழாயைக் காட்டிக் கொடுங்கள்.